எண்ணூறு மீட்டர்

கணினி வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டது.
எட்மன்டனின் வடகிழக்கு ஓரம்,
நடுப்புள்ளி வில்லோமியர் ரயில் நிலையம்,
ஆரம் எண்ணூறு மீட்டர்.
பத்து நிமிட நடையாம்.
உள்ளே அகப்பட்டவை:
ஆயிரத்து நூற்றிரண்டு கூரைகள்,
ஒரு டயர் கடை, இரண்டு சர்ச்,
நிலையத்தைச் சுற்றி
ஏரியளவு தார், கார்கள் பகலெல்லாம் தூங்க.

மதிப்பெண் போடுவது என் வேலை.
அடர்த்திக்கு இருபது, நடைக்கு இருபது,
நிலம் யார் கையில் என்பதற்குப் பதினைந்து,
இப்படி நூறு வரைக்கும்.
அறுபதைத் தாண்டினால்
தாரைப் பெயர்த்து ஆறு மாடி எழும்பும்:
கீழே கடை, மேலே வீடு,
காரை விற்றுவிட்டு ரயிலேறும் ஜனம்.
தாண்டாவிட்டால்
வரைபடத்தில் இந்த வட்டம்
இன்னும் பத்து வருஷம் சாம்பல் நிறம்.

பிப்ரவரி. மைனஸ் இருபத்தாறு.
பேனா மை உறைந்துபோய்ப் பென்சிலுக்கு மாறினேன்.
கடைசித் தெருவின் மூலையில் நின்றால்
பிளாட்பாரத்தில் இருப்பவரின் தொப்பி நிறம்கூடத் தெரிகிறது.
நடுவில் கம்பிவேலி.
வேலி வடக்கே போனது, நானும் போனேன்.
நடைபாதை ஒரு வீட்டின் கராஜோடு தீர்ந்துபோனது.
பிறகு சாலையோரம், பிறகு பனிக்குவியல்,
பிறகு கார்களுக்கென்று வைத்த
அந்த ஒரே வாசல்.
இருபத்தேழு நிமிடம்.
நடை: இருபதுக்கு நான்கு.
மொத்தம் ஐம்பத்து மூன்று.

அன்றிரவு பனி கொட்டியது.
மறுநாள் விடியுமுன் போனேன், ஏனென்று தெரியாமலே.
தெரு முழுக்க எழுதாத தாள்.
அதில் பூட்ஸ் தடங்கள்,
ஒரு குழந்தை வண்டியின் சக்கரக் கோடு,
நொண்டி நடக்கும் ஒருவரின் ஒற்றைக்கால் அழுத்தம்,
எல்லாம் ஒரே பக்கம் திரும்பி
டயர் கடைக்குப் பின்னால் போய் மறைந்தன.

குப்பைத் தொட்டியின் மறைவில், வேலியில்,
ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஓட்டை.
அறுத்த கம்பி முனைகளில்
தோட்டக் குழாயைக் கீறிச் சொருகியிருந்தார்கள்,
கோட்டு கிழியாதிருக்க.

முதல் ரயிலில் இறங்கி அதன் வழியே வந்தவள்
டெக்கா வார்சமே.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை.
என் கையிலிருந்த பலகையைப் பார்த்தாள்.
"ரயில்வேயா?"
"இல்லை. நகராட்சிக்காக அளக்கிறேன்."
"மூன்று தடவை அடைத்தார்கள்," என்றாள்.
"மூன்று தடவையும் திறந்துகொண்டது."
யார் திறந்தது என்று நான் கேட்கவில்லை,
அவளும் மூச்சுவிடவில்லை.
கூடவே நடந்து அவள் வீட்டு வாசலில்
கடிகாரத்தை நிறுத்தினேன்:
ஆறு நிமிடம் நாற்பது நொடி.
சாவியைத் திருப்பியபடி கேட்டாள்,
"ஆறு மாடி வந்தால் என் வாடகை?"
படிவத்தைப் புரட்டினேன்.
அதற்கு ஒரு கட்டம் இல்லை.

ஓட்டையை எழுதினால் நடைக்குப் பதினேழு,
வட்டம் பச்சையாகும்.
எழுதிய அன்றே
யாராவது குறடும் கம்பியுமாக வந்து நிற்பார்கள்.
எழுதாவிட்டால்
நான்குக்கு மேல் நகராது,
பொய்யும் சொன்னதாகாது, நிஜமும் சொன்னதாகாது.

இரவு பத்து மணிக்கு இப்படி எழுதி அனுப்பினேன்:
"நடை, இன்றைய நிலையில் நான்கு.
கிழக்கு வேலியில் வாசல் ஒன்று தேவை.
இடம்: டயர் கடையின் பின்சுவருக்கு நேராக,
குப்பைத் தொட்டிக்குத் தெற்கே நான்கடி.
குழந்தை வண்டி நுழையும் அகலம்.
வாடகை பற்றித் தனியே ஓர் இணைப்பு."

மேலாளர் ஹாவ்ரிலுக் உடனே கூப்பிட்டார்.
"நான்கடி என்று எப்படி
இவ்வளவு கறாராகச் சொல்கிறாய்?"
பனி பெய்தது என்றேன்.
அவருக்கு விளங்கவில்லை. வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ரயிலுக்கு
நானும் குனிந்துதான் போனேன்.
ஒரு முனையில் குழாய் நழுவிக் கிடந்தது.
கையுறையைக் கழற்றி
அதைத் திரும்பச் சொருகினேன்.
விரல் சுருக்கென்று ஒட்டிக்கொண்டது கம்பியில்.
ரயில் வரும் சத்தம் கேட்டது.